மேடைப்பொருட் சொற்கள்: திண்ணையும் பரணும் அரங்கும்

காஜாங் வட்டாரத் தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் மாணவர் கட்டுரையேடு ஒன்றை நம் பார்வைக்குக் கொணர்ந்தார். “நாங்கள் தொடர்வண்டித் திண்ணையில் நின்று தாத்தாவின் வரவை எதிர்நோக்கினோம்” என்பது அதிலிருந்த ஒரு வாக்கியம். ‘திண்ணை’ என்னும் சொல் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் காரணம் ஏதும் எழுதப்படவில்லை. “பிழை என்று தெரிகிறது, ஏன் பிழை என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை” என்றார் ஆசிரியர். மாணவன் தன் பக்க நியாயத்தைத் தெளிவாகவே வைத்திருந்தான். தொடர்வண்டி வந்து நிற்குமிடம் நடைமேடை. ஒத்தசொற் பட்டியலில் மேடைக்கு நேரே திண்ணை, பரண், அரங்கு, பீடம், திட்டை, வேதிகை என்று இருக்கிறது. அவற்றுள் அழகாகத் தோன்றிய ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான். பட்டியலை நம்பியவனைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பட்டியலைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

இத்தகைய பட்டியல்கள் நம் வகுப்பறைகளில் வேரூன்றியவை. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பின்னரும் அத்தேர்வுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட சொற்பட்டியல்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு நேராக ஐந்து சொற்களை எழுதி மனனம் செய்வித்தால் சொல்வளம் பெருகும் என்பது அவற்றின் உள்ளே கிடக்கும் நம்பிக்கை. அந்நம்பிக்கை முழுவதும் தவறானதன்று. எனினும், எந்தச் சொல் எங்கே அமரும் என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை. மேடைப்பொருள் தரும் சொற்களில் இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது என்பதால் அவற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஒருபொருட் பன்மொழிகளைத் திரட்டும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் எச்சவியலில் திரிசொல்லை இருவகைப்படுத்தும்போது, ஒரே பொருளைக் குறிக்கும் வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு பொருளைக் குறிக்கும் ஒரே சொல் என்று பகுத்துக் காட்டுகிறது. பின்வந்த நிகண்டுகள் இவ்விரண்டையும் நூலாக விரித்தன. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுக்க, பதினோராவது தொகுதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருகிறது. ஆயின், நிகண்டு யாருக்காக இயற்றப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் ஏற்ற சொல்லைத் தேடும் புலவன், அச்சொற்கள் வழங்கும் இடங்களை ஏற்கெனவே செய்யுட் பயிற்சியால் அறிந்தவன். நிகண்டு அவனுக்கு நினைவூட்டும் கருவி. அப்பயிற்சி இல்லாத சிறுவனின் கையில் அதே பட்டியல் வேறு வேலையைச் செய்துவிடுகிறது. அகராதிக் கலையிலும் இவ்வேறுபாடு உணரப்பட்டிருக்கிறது. 1992இல் வெளிவந்த ‘கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாக எழுதி நிறுத்தாமல், பொருளை விளக்கிச் சொல்லி, எடுத்துக்காட்டுத் தொடரும் தருகிறது. ஆசிரியர்களின் மேசையில் பழைய நிகண்டு வழிப் பட்டியலைவிட இவ்வகை அகராதி பயன் மிகுந்தது என்பது நம் துணிபு.

மேடை என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். இது ‘மேடு’ என்பதன் அடியாகப் பிறந்தது. மேடு இயற்கையாக உயர்ந்து நிற்கும் நிலம். மேடை மனிதன் எழுப்பிய உயரம். ‘திட்டு’ என்பது ஆற்றில் அல்லது கடலில் மணல் சேர்ந்து உயர்ந்த இடம். ‘திட்டை’யோ மேட்டு நிலத்தையும் குறிக்கும், கட்டிய மேடையையும் குறிக்கும். ஐகார ஈறு பெற்ற இச்சொற்களுள் மேடையே இன்று பொதுச்சொல்லாகிவிட்டது. ஏனைய சொற்களுக்குப் பொருள் சொல்ல நேரும்போதெல்லாம் ‘ஒருவகை மேடை’ என்றுதான் தொடங்குகிறோம். பொதுச்சொல்லால் சிறப்புச்சொல்லை விளக்கலாம். அதனாலேயே பொதுச்சொல் நின்ற இடத்தில் சிறப்புச்சொல்லை வைத்துவிடலாம் என்று முடிபு கொள்வது பொருந்தாது. பனை மரம் என்பதற்காக மரத்தை எல்லாம் பனை என்று எழுத இயலாதல்லவா?

வேறுபாட்டைக் காண எளிய வழி ஒன்றுண்டு. இச்சொற்களைத் தனியே நிறுத்திப் பாராமல், அவை பிற சொற்களோடு சேர்ந்து வழங்கும் தொடர்களைப் பார்க்க வேண்டும். மேடைப்பேச்சு என்றால் நாவன்மை. திண்ணைப்பேச்சு என்றால் வேலையற்றோர் அளவளாவல். மேடையேற்றம் என்பது ஒரு நாடகத்தை நிகழ்த்திக் காட்டுதல். அரங்கேற்றம் என்பது அவையோர் ஏற்பப் படைப்பையோ கலைஞரையோ முதன்முதல் அறிமுகம் செய்தல். பரணில் போட்டாயிற்று என்றால் ஒரு பொருள் புழக்கத்தினின்று நீங்கிவிட்டது என்பது பொருள். மேடையில் போட்டாயிற்று என்றால் அதற்கு நேர்மாறு. இத்தொடர்களில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்ப்பின், பட்டியல் மறைத்த உண்மை தானே வெளிப்படும்.

திண்ணை

திண்ணை, ‘திண்’ என்னும் அடியினது. திண்மை, திண்டு ஆகியன அதன் உறவுச் சொற்கள். மலையாளத்தில் ‘திண்ண’ என்றும் தெலுங்கில் ‘தின்னெ’ என்றும் இச்சொல் வழங்குகிறது. தெலுங்கில் மணல்மேட்டுக்கும் அதுவே பெயர். ஆகவே இச்சொல்லில் முதன்மை பெறுவது உயரம் அன்று, உறுதி. மண்ணையோ செங்கல்லையோ கெட்டித்து, உள்ளீடற்ற வெளி இல்லாதவாறு எழுப்பியதே திண்ணை. பலகை பரப்பி அடியில் வெளி விட்டுச் செய்வது எவ்வளவு உயரமாயினும் திண்ணை ஆவதில்லை.

இரண்டாவது, திண்ணை வீட்டைச் சார்ந்தது. தெருவுக்கும் தலைவாசலுக்கும் இடையில், கூரைக்குக் கீழே, ஆனால் சுவருக்கு வெளியே இருப்பது. வாசலின் இரு மருங்கும் அமைந்தால் இரட்டைத் திண்ணை. கதவை ஒட்டிக் குறுகலாக அமைந்தால் ஒட்டுத்திண்ணை. சில வீடுகளில் தலை சாய்க்கத் தலையணை போன்று சரிவாகச் சாந்து பூசிய திண்டும் உண்டு. வழிப்போக்கர் வீட்டாரைக் கேளாமலே அதில் இளைப்பாறலாம் என்பது வழக்கம். வீடு தன் உடைமையில் ஒரு பகுதியைத் தெருவுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறது எனலாம். ஆயினும் இதனை மிகைப்படுத்திப் புகழ்வதில் நமக்கு உடன்பாடில்லை. எல்லாத் திண்ணையிலும் எல்லாரும் அமர முடிந்ததில்லை. சாதி பார்த்துத் திண்ணை வரை, தெரு வரை என்று எல்லை வகுத்த ஊர்கள் பல. திண்ணை வரவேற்ற இடம் மட்டுமன்று, அதற்குமேல் வாராதே என்று நிறுத்திய இடமுமாகும்.

இலக்கியத்தில் இச்சொல்லின் பழமையைக் காட்டக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒருவரே போதும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வளமனைகளைக் கூறுமிடத்து, நெடிய படிகளோடு வளைந்த திண்ணைகளையும் அவர் குறிப்பிடுகிறார். அதே புலவர் அகநானூற்றின் 167ஆம் பாட்டில் பாலைநிலத்துப் பாழூர் ஒன்றைக் காட்டுகிறார். கள்வர்க்கு அஞ்சி மக்கள் நீங்கிய ஊர் அது. அங்குள்ள பொதியிலில் தெய்வம் விலகிப்போயிற்று, பலியிடுதல் மறக்கப்பட்டது, மெழுகுவார் இன்றித் திண்ணை பொலிவிழந்து கிடக்கிறது, நாய் அங்கே குடியேறிவிட்டது, கறையான் கூரையைத் தின்கிறது. இவ்விடத்தில் புலவர் ஆளும் சொல் ‘திணை’ என்றே அமைந்திருக்கிறது. அதனைத் திண்ணை எனப் பொருள் கொள்வர். ஐந்திணை பயிற்றும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்: ஒழுக்கத்தைக் குறிக்கும் திணை அன்று இது, மெழுக மறந்த மண்மேடை. பட்டினத்தில் வீட்டுக்கு முன் இருப்பதும் பாழூரில் பொதுவிடத்தில் இருப்பதும் ஒரே வகைப் பொருளாக உணரப்பட்டிருக்கின்றன என்பதும், நாளும் மெழுகும் கை இருக்கும் வரைதான் திண்ணை திண்ணையாக இருக்கும் என்பதும் இவ்விரு பாட்டையும் சேர்த்துப் படிக்கும்போது புலனாகின்றன.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் தொடரை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடங்களில் காண்பர். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையிலோ மணலில் எழுதப் பழக்கி, பின் ஓலைக்குக் கொண்டுசென்ற பள்ளி அது. நிகண்டுகளை மனனம் செய்வித்த இடமும் அதுவே என்பது நம் பொருளுக்கு நெருக்கமான செய்தி. 19ஆம் நூற்றாண்டுச் சென்னை ஆங்கிலேயர் அதனைப் ‘பயால்’ பள்ளி என்று எழுதினர். பயால் என்பது கல் இருக்கையைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லாமையால் போர்த்துகீசியத்தில் கடன் வாங்கினர். ஒரு மொழிக்காரர் தம் வீட்டில் இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடி அலைந்ததற்கு இது நல்ல சான்று.

நாம் இந்நாட்டில் அதே நிலைக்கு வந்திருக்கிறோம். திண்ணை கப்பலேறி வரவில்லை. காஜாங்கைச் சூழ்ந்த நிலம் முதலில் காப்பிக்கும் பின்னர் இரப்பருக்கும் திருத்தப்பட்டது. காஜாங்கிலிருந்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுப்பகுதியில் இரப்பர் பயிரிட்டது, இத்தீபகற்பத்தில் வணிக நோக்கில் நிகழ்ந்த தொடக்ககால நடவுகளுள் ஒன்று. அங்கெல்லாம் வேலைக்கு வந்த தமிழர்கள் குடியமர்த்தப்பட்டது லயங்களில். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கதவுகள். முன்புறம் நீண்ட ஒற்றை முகப்பு. தரையோடு கட்டியனவும் இருந்தன, தூண்களின்மேல் பலகை பாவி உயர்த்தியனவும் இருந்தன. தனி வீட்டுக்குத் தனி வாசல் முகப்பு என்பதே இல்லாத அமைப்பில் திண்ணைக்கு இடமேது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திண்ணை இல்லாத லயத்தில் ‘இதுவரை வா, இதற்குமேல் வாராதே’ என்னும் பழைய எல்லையை அப்படியே பேணுவதும் எளிதாக இருந்திராது. இழப்பு என்று மட்டும் இதனை எழுதிவிட நமக்குத் தயக்கமாக உள்ளது.

அம்முகப்புக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘அஞ்சடி’. இச்சொல் நகரத்திலிருந்து வந்தது. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்பு விதிகளில் கடைவீடுகளின் முன்புறம் தொடர்ச்சியான மூடிய நடைவழி விடப்பட வேண்டும் என்று வகுத்தார். தீபகற்பத்தின் நகரங்களும் பின்னர் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. அகலம் ஐந்தடி என்பதால் மலாயில் ‘காக்கி லீமா’, தமிழில் ‘அஞ்சடி’. காஜாங்கின் பழைய கடைத்தெருக்களான ஜாலான் மெண்டாலிங், ஜாலான் ராஜா ஹருண் ஆகியவற்றின் கடைவரிசைகளில் இன்றும் அதைக் காணலாம்: சாலை மட்டத்திலிருந்து ஓரிரு படி உயர்ந்து, மேல்மாடியின் நிழலில் நீண்டு செல்லும் தளவரிசை. நகரத்து நடைவழியின் பெயர் தோட்டத்து லயத்தின் முகப்புக்கும் பரவி, அங்கே அமர்ந்து கதைபேசும் இடத்தின் பெயராகவும் ஆயிற்று. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் ‘அஞ்சடியில் உட்கார்ந்து’ என்று வருமிடங்களில், தமிழகத்து வாசகர் திண்ணையை நினைத்துக்கொண்டால் பொருள் பெரும்பாலும் குறைவுபடாது. அளவைப் பெயராகப் பிறந்த ஒரு சொல் திண்ணையின் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த ஒத்தசொற் பட்டியலிலும் அஞ்சடியை நாம் கண்டதில்லை. பேச்சு வழக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம் போலும். ஐந்தடி என்று எழுத்து வழக்காக்கியேனும் அதனைப் பட்டியலில் சேர்ப்பது, வேதிகையைச் சேர்ப்பதைவிடப் பயனுடையது.

மலாய்க்காரர் வீட்டுக்கும் முகப்பு மேடை உண்டு. வீட்டோடு இணைந்தது ‘செராம்பி’. முற்றத்தில் மர நிழலில் மூங்கிலாலோ பலகையாலோ கால் நிறுத்திச் செய்தது ‘பங்கின்’. மாணவர்கள் திண்ணைக்கு மலாய்ச் சொல் கேட்கும்போது பங்கின் என்று சொல்லிவிடுவது எளிது. அமர்ந்து பேசுவதில் இரண்டும் ஒன்றே. ஆனால் பங்கினைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம், திண்ணையைத் தூக்க முடியாது. ‘திண்’ என்னும் அடி இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. இடையில் ஒன்று: காஜாங் என்னும் மலாய்ச் சொல்லே ஓலையால் முடைந்து படகுக்கும் வண்டிக்கும் மேலே போர்த்தும் மறைப்பைக் குறிப்பது. கூரையின் பெயர் கொண்ட ஊரில் அமர்ந்து மேடையின் பெயர்களை ஆராய்கிறோம்.

பரணும் அதன் இனமும்

திண்ணைக்கு நேரெதிர் பரண். அடியில் வெளி, மேலே பரப்பு. உறுதியைவிட உயரமே அதன் பயன். வீட்டுப் பரண் அடுக்களையின் மேற்புறத்தில் அன்றாடம் வேண்டாத பாத்திரங்களைத் தாங்குகிறது. கொல்லைப் பரண் காவலரைத் தாங்குகிறது. சங்க இலக்கியத்தில் பின்னதற்கே செல்வாக்கு. இதண், இதணம், கழுது, பணவை என்று அதற்குப் பெயர்கள் பல. தினைப்புனம் இல்லாத நாட்டில் குறிஞ்சிப் பாடல்களை நடத்தும் ஆசிரியர், ‘இதணம் – பரண்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார். பரணையும் காணாத மாணவருக்கு இரண்டும் ஒலிகளே.

குறிஞ்சிப்பாட்டைப் பாருங்கள். மரத்தின்மீது கட்டப்பட்ட, புலியும் அஞ்சும் இதணத்தில் தலைவியும் தோழியும் ஏறுகின்றனர்; தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளை ஒலித்துக் கிளி கடிகின்றனர். அதனைக் கட்டியவன் ‘சேணோன்’. சேண் என்றால் உயரம், தொலைவு. இருக்கும் இடத்தின் உயரமே அவனுக்குப் பெயராகிவிட்டது. மலைபடுகடாத்தில் இதணம் வேறு முகம் காட்டுகிறது. அங்கே குறவர் உயர்ந்த இதணத்தின்மேல் ஏறிக் கைதட்டி ஆரவாரித்து, யானைக் கூட்டத்தின்மீது கவண் கல் எறிகின்றனர். வழிச்செல்லும் கூத்தர் அக்கல்லுக்குத் தப்பிச் செல்ல வேண்டும் என்பது புலவரின் எச்சரிக்கை.

கழுது வரும் அகநானூற்று 102ஆம் பாட்டு இன்னும் சுவையானது. கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து கழுதில் கிடக்கிறான். காவல் அவ்வளவுதான். அவன் மனைவி கூந்தலைக் காற்றில் உலர்த்தியவாறு குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த களிறு கதிரைக் கொள்ளவும் இல்லை, நின்ற நிலை பெயரவும் இல்லை. துயில் கொள்ளாத அதன் கண் துயில் கொள்கிறது. பரண் என்பது தினையைக் காக்கும் இடம் என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவருக்கு இப்பாட்டு முழுமையாகத் திறவாது. அது புனத்தின் நடுவே, வீட்டின் சுவர்களுக்கு வெளியே, ஊரின் கண்ணுக்கு எட்டாத ஓர் உயரம். களவு ஒழுக்கம் அங்கே நிகழ்வதும் பாட்டு அங்கே பிறப்பதும் அதனால்தான். திண்ணை தெருவின் பார்வைக்குத் தன்னைத் திறந்து வைப்பது. பரண் பார்ப்பது, தான் பார்க்கப்படாதது.

கழுது என்னும் சொல்லுக்குப் பேய் என்றும் பொருளுண்டு. நள்ளிரவைக் குறிக்குமிடங்களில் கழுது திரியும் யாமம் என வரும். பட்டியலை மட்டும் நம்பி ‘கழுதின்மேல் ஏறினான்’ என்று எழுதும் மாணவனின் கட்டுரையை அடுத்த வகுப்பு மாணவன் எவ்வாறு படிப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரங்கும் கட்டிலும்

அரங்கு என்றதும் உயர்ந்த ஆடுமேடை நினைவுக்கு வரும். ஆனால் இச்சொல்லின் உள்ளீடு உயரம் அன்று, வரம்பு கட்டப்பட்ட பரப்பு. ஆற்றின் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம் அரங்கம்; திருவரங்கம் அவ்வாறு பெயர் பெற்றது. திருக்குறள் 401ஆம் குறளில் கல்லாதவன் அவையில் பேசுதலைக் கட்டம் வரையாமல் காயுருட்டி ஆடுதலுக்கு ஒப்பிடும்போது, அக்கட்டத்தைக் குறிப்பது அரங்கு என்னும் சொல்லே. அக்கட்டத்துக்கு உயரமே கிடையாது. நீர் சூழ்ந்தாலும் கோடு சூழ்ந்தாலும் அவையோர் சூழ்ந்தாலும் அரங்குதான். விளையாட்டரங்கம், கருத்தரங்கம், திரையரங்கம் என்று இன்று நாம் ஆக்கிக்கொண்ட சொற்கள் பொருந்தி நிற்பதற்கும் இதுவே காரணம். இவற்றில் எதற்கும் மேடை இன்றியமையாததன்று.

சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவை எண்ணிச் சொல்கிறது. இருபத்துநான்கு விரல் கொண்ட மூங்கிற்கோலால் அளந்து, எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம், மேலே உத்தரப் பலகைக்கும் தரைப் பலகைக்கும் இடையே நான்கு கோல், புகவும் போகவும் இரு வாயில், மூவகைத் திரை. இங்கே கவனிக்கத்தக்கது உயரத்தின் சிறுமை. விரற்கணக்கில் அது ஏறத்தாழ ஒரு முழம். பெருவிரலால் அளந்தால் சற்று மிகும். ஆடுபவளின் பாதம் காண்போர் கண்ணுக்குத் தெரிய அவ்வளவு போதும். நம் பொது மண்டபங்களில் ஐந்தடி உயர மேடைகளை எழுப்பிவிட்டு, முன்வரிசையில் இருப்போர் கழுத்தை நிமிர்த்திப் பரதம் காண வேண்டியிருப்பதை எண்ணும்போது இளங்கோவடிகளின் கோலை ஒருமுறை எடுத்து அளந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மலாயிலும் இதற்கு இணையான ஒரு சொற்பயணம் உண்டு. ‘பங்கோங்’ என்பது உயர்த்திய தளம். தூண்மேல் நிற்கும் வீடு ‘ரூமா பங்கோங்’, நாடகமேடை ‘பங்கோங்’, திரைப்பட மாளிகை ‘பங்கோங் வாயாங்’. தமிழில் அரங்கு சென்ற திரைக்கொட்டகைக்கே அச்சொல்லும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் தூண்மேல் நிற்கும் வீட்டை நாம் அரங்கு என்று சொல்வதில்லை. ஒன்று உயரத்திலிருந்து புறப்பட்டது, மற்றொன்று வரம்பிலிருந்து புறப்பட்டது, சேருமிடம் ஒன்று.

கட்டிலைப் பட்டியல்கள் சேர்ப்பதே இல்லை. அதுவும் கால் நிறுத்தி உயர்த்திய தளமே. பழந்தமிழில் கட்டில் உறங்கும் இடம் மட்டுமன்று, அரசிருக்கையும் ஆகும். பாண்டியன் நெடுஞ்செழியன் ‘அரசுகட்டிலில் துஞ்சியவன்’ என்றே அடைமொழி பெற்றான். முரசுக்கும் தனிக் கட்டில் இருந்தது. புறநானூற்று 50ஆம் பாட்டில் மோசிகீரனார், அது முரசுகட்டில் என்று அறியாமல் மலர் பரப்பிய அதன்மேல் உறங்கிவிடுகிறார். வாளால் வெட்டுண்ண வேண்டிய குற்றம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ அருகே நின்று விசிறியால் வீசினான். படுக்கையும் அரியணையும் ஒரே சொல்லால் வழங்கப்பட்ட மொழியில்தான் இத்தகைய மயக்கமும் மன்னிப்பும் இவ்வளவு இயல்பாகப் பாட்டாக முடியும். இச்சொல் மலாய்க்குள் ‘காட்டில்’ என்று சென்றபோது படுக்கைப் பொருளை மட்டுமே கொண்டு சென்றது. அரசிருக்கைக்கு அங்கே ‘சிங்காசனா’வும் ‘தக்தா’வும் இருந்தன. தமிழிலும் பின்னர் அரியணை வந்து அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. கடன் போன சொல்லும் வீட்டிலிருந்த சொல்லும் ஒரே உறுப்பை இழந்திருக்கின்றன.

பீடம், பீடிகை, வேதிகை ஆகியன வடமொழி வழி வந்தவை, வணக்கத்துக்குரியதைத் தாங்குவன. மணிமேகலை மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை உணர்ந்தது புத்த பீடிகையைக் கண்டு. கோயிலின் பலிபீடத்தில் யாரும் அமர்வதில்லை என்னும் ஒன்றே திண்ணையிலிருந்து அதனைப் பிரித்துக்காட்டப் போதும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் கலைப்பீடம், மருத்துவபீடம் என வழங்குவதில் கல்விக்குத் தந்த அந்த மதிப்பு தொனிக்கிறது. நம் திருமண மண்டபங்களில் காணும் மணவறையை இங்கே ஒரு விலக்காகச் சொல்லலாம். பெயரோ அறை, பொருளோ மலர் புனைந்த மேடை. மணமேடை என்னும் சொல் இருந்தும் மணவறையே வாய்க்கு வருகிறது. மலாய்த் திருமணத்தின் ‘பெலாமின்’ மேடையை மாணவர்கள் மணவறை என்று பெயர்ப்பதும் பிழையாகாது.

நடைமேடையும் தளமும்

புதுப்பொருளுக்கு எச்சொல்லைத் தேர்வது என்பதில்தான் இந்நுணுக்கங்கள் நேரடிப் பயன் தருகின்றன. தொடர்வண்டி நிலையத்தில் பயணிகள் நிற்கும் இடத்துக்கு நடைமேடை என்னும் ஆக்கம் நிலைத்துவிட்டது. இந்நாட்டில் நம் பேச்சில் பிளாட்பாரமே. சென்னைப் பேச்சில் அதே பிளாட்பாரம் தெருவோர நடைபாதையையும் குறிக்கும் என்பதால், அங்கிருந்து வரும் கதைகளைப் படிக்கும் நம் மாணவர் சற்றுத் தடுமாறக்கூடும். 2017 ஜூலையில் காஜாங் வரை முழுமையாகத் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. தடத்தின் முனையத்தில் பயணிகள் நிற்பது சாலைக்கு மேலே, தூண்கள் தாங்கிய உயரத்தில். அமைப்பால் அது பரணுக்கு நெருங்கியது. ஆனாலும் பரண் என்று யாரும் அழைக்கப் போவதில்லை. அங்கே காவலும் இல்லை, சேமிப்பும் இல்லை, வருவதும் போவதுமே உண்டு. நடை என்னும் முற்சொல் அதனைத்தான் சுட்டுகிறது.

கணினி வழிக் கற்றலுக்கான அமைப்புகளை மேடை என்பதா, தளம் என்பதா? தளம் என்பது சமமாகப் பரப்பிய அடிநிலை. கட்டடத்தின் தளம், கப்பலின் தளம், படைத்தளம் எனப் பிற செயல்களுக்கு ஆதாரமாக நிற்பது. கல்வி அமைச்சு 2020 முதல் நடத்தும் டெலிமாவைப் போன்ற ஒன்றுக்குத் தளம் பொருந்தும். அதன்மேல் பலரும் பலவற்றைச் செய்கின்றனர். ஒருவர் பேசப் பலர் காணும் காணொலி அமைப்புக்கு மேடை என்றாலும் தவறில்லை. திண்ணை என்னும் பெயரை நட்பாகப் பேசும் குழுக்கள் சூட்டிக்கொள்வதும் பொருத்தமே. அவர்கள் சொல்லின் உயரத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அதன் பேச்சை எடுத்துக்கொண்டனர்.

காஜாங் அருகே முதல் உலகப் போருக்குப் பின் உருவான பிராங் பெசார் தோட்டம் 1990களில் புத்ராஜெயாவாக மாறியது. அத்தகைய தோட்டங்களின் லயங்கள் மறைந்தபோது அவற்றின் அஞ்சடிகளும் மறைந்தன. இன்று எழுபது, எண்பது அகவையில் அடுக்குமாடிகளில் வாழும் நம் பெரியோர் பலர் அந்த முகப்புகளில் வளர்ந்தவர்கள். இச்சொற்களை அகராதியில் தேடும் முன் அவர்களிடம் கேட்கலாம் என்று அவ்வாசிரியரிடம் கூறினோம்.

கட்டுரையேட்டில் திருத்தம் எளிதாகவே முடிந்தது: திண்ணையை நீக்கி நடைமேடை என்று எழுதி, ஓரத்தில் ‘திண்ணை வீட்டைச் சார்ந்தது; யாரும் வந்து அமரலாம்; வண்டி வந்து நிற்காது’ என ஆசிரியர் குறித்தார். ஆனால் அடுத்த பக்கத்தில் மாணவன் தாத்தாவின் பழைய தோட்டத்து வீட்டைப் பற்றி எழுதியிருந்தான். மாலையில் எல்லாரும் ‘வராந்தா’வில் உட்கார்ந்து பேசுவார்களாம். அவ்விடத்தில் எச்சொல் வர வேண்டும் என்பதைத் தாத்தாவிடமே கேட்டு வருமாறு ஆசிரியர் அவனை அனுப்பியிருக்கிறார்.